நின்றவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

ராபர்ட் ஃபிராஸ்டின் 'பனி மாலையில் காட்டோரம் நின்றபோது' (Stopping by Woods on a Snowy Evening) என்ற கவிதைக்கு நம் ஊரில் இரண்டே இரண்டு உரைகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் உரை பள்ளிக்கூடத்துக்கானது. காடு என்றால் மயக்கம், வாக்கு என்றால் கடமை, மயக்கத்தை உதறிவிட்டுக் கடமையைப் பார்க்கப் போவதுதான் வாழ்க்கை. இரண்டாவது உரை கல்லூரிக்கானது. காடு என்றால் சாவு, உறக்கம் என்றாலும் சாவு, வண்டிக்காரன் தற்கொலை எண்ணத்தோடு மல்லுக்கட்டுகிறான். பள்ளியில் முதல் உரையை எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை, பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்ததும் இரண்டாவதை எழுதி மதிப்பெண் வாங்குகிறது. பிள்ளைக்கு விவரம் கூடிவிட்டது என்று நாமும் திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

இரண்டு உரையும் தப்பு என்கிறேன். ஒன்றுக்கொன்று எதிரி மாதிரித் தெரிந்தாலும் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரு மனிதன் போகிற வழியில் சும்மா நின்றான் என்பதை இரண்டாலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒன்று அவனைச் சோம்பலிலிருந்து மீட்கிறது, மற்றது சாவிலிருந்து மீட்கிறது. என்னைக் காப்பாற்றுங்கள் என்று அவன் யாரிடமும் கேட்கவே இல்லை.

கவிதையில் நடப்பது இவ்வளவுதான். குதிரைவண்டியில் போகிற ஒருவன் யாரோ ஒருவருடைய காட்டோரம் வண்டியை நிறுத்துகிறான். காட்டுக்காரரின் வீடு ஊருக்குள் இருக்கிறது, அதனால் இவன் நிற்பதை அவர் பார்க்கப்போவதில்லை. ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் உறைந்துபோன ஏரி, வருடத்திலேயே இருட்டு மிகுந்த மாலை. வீடு வாசல் எதுவும் இல்லாத இடத்தில் எதற்கு நிறுத்தினான் என்று குதிரைக்கு விளங்கவில்லை. கழுத்து மணியைக் குலுக்கிப் பார்க்கிறது. அதை விட்டால் கேட்பதெல்லாம் காற்றும் பனி விழுவதும்தான். பிறகு காட்டின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை, தான் கொடுத்திருக்கிற வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை, மிச்சமிருக்கிற தூரத்தைப் பற்றி ஒரே அடி இரண்டு தடவை. கவிதை அதோடு முடிந்துவிடுகிறது.

மொத்தம் 16 அடி. அதில் வாக்கும் தூரமும் வருவது கடைசி மூன்றில் மட்டும். முதல் 13 அடியும் நிற்பதைப் பற்றியவை. தலைப்பே நிற்பதைத்தான் சொல்கிறது, கிளம்புவதைச் சொல்லவில்லை. 13 அடியை முன்னுரையாக்கி மூன்றைக் கருத்தாக்குவது என்ன வாசிப்பு? கவிதையை நீதிக்கதையாகப் படித்துப் பழகியவர்களுக்குக் கடைசி வரி வந்தால்தான் விஷயம் வரும். அதுவரை அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், படிக்கவில்லை.

முதலில் சாவு உரையைப் பார்த்துவிடலாம். கற்றவர்கள் சொல்வதாலேயே அதற்கு மரியாதை அதிகம். 1958 ஏப்ரலில் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் கவிஞர் ஜான் சியார்டி இந்தக் கவிதையைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். இருண்ட காட்டின் இழுப்பில் சாவு விருப்பத்தின் சாயல் இருப்பதாக அதில் சொன்னார். கவிதை என்ன சொல்கிறது என்று பிடுங்கி எடுக்காமல் அது எப்படி நிகழ்கிறது என்று பாருங்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் பெரிய சேதி. அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். சாவு மட்டும் தங்கிவிட்டது. ஃபிராஸ்ட் மேடைகளில் இந்த வாசிப்பைக் கேலிசெய்து தள்ளியவர். ஆனால் எழுதியவர் சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கவிதையையே சாட்சிக் கூண்டில் ஏற்றலாம்.

அங்கே வீசுகிற காற்று முரட்டுக் காற்றில்லை, இதமானது. விழுகிற பனி மென்தூவலாக விழுகிறது. அந்த மனிதன் ஓரிடத்திலும் குளிருகிறது என்று சொல்லவில்லை, களைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை, யாரையும் நினைத்து அழவில்லை. காட்டுக்குள் ஓர் அடி எடுத்து வைக்கவும் இல்லை. வண்டியில் இருந்தபடியே பார்க்கிறான். இதையெல்லாம் விட்டுவிடுங்கள். கடைசி அடியில் வரும் உறக்கம் சாவுதான் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அப்போது அவன் சொல்வது என்ன? சாவதற்கு முன்னால் வெகுதூரம் போகவேண்டும் என்கிறான். தூக்குக் கயிற்றைத் தேடுகிறவன் பேசுகிற பேச்சா இது? நூறு வயது வாழ ஆசைப்படுகிறவன் பேசுகிற பேச்சு. உறக்கம் என்றால் சாவு என்ற சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தாலே சாவு உரை தானாகக் கவிழ்ந்துவிடுகிறது.

'அப்படியானால் அந்த இருட்டு எதற்கு?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கவிதையில் இருட்டு இருக்கிறது, அதைத் துடைத்துவிட்டு இயற்கை வருணனை என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பதில் ஒரு காற்புள்ளியில் இருக்கிறது. காட்டைப் பற்றிய அடியில் மூன்று அடைமொழிகள் வருகின்றன. ஃபிராஸ்ட் முதலாவதற்குப் பின்னால் மட்டும் காற்புள்ளி இட்டிருந்தார். அவர் இறந்து ஆறு ஆண்டு கழித்து, 1969இல், எட்வர்ட் கானரி லேதம் பதிப்பித்த தொகுப்பில் இரண்டாவதற்குப் பின்னாலும் ஒரு காற்புள்ளி முளைத்தது. அழகு, இருட்டு, ஆழம் என்று மூன்றும் பட்டியலாகிவிட்டன. விமர்சகர்கள் சண்டைக்கு வந்தார்கள், வந்தது சரி. கவிஞர் இட்டபடி படித்தால், அந்த இருட்டும் ஆழமும்தான் அந்தக் காட்டின் அழகு. அழகு ஒரு பக்கம், அச்சம் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கவில்லை. பரீட்சையில் 'இக்கவிதையின் மனநிலை யாது?' என்று கேட்டுவிட்டு, 'துயரம்' என்று எழுதினால் மதிப்பெண் போடுகிறவர்கள் இருட்டைக் கண்டால் துயரம் என்று முடிவு கட்டுகிறவர்கள். மொட்டைமாடியில் கரண்ட் போன இரவில் படுத்துக்கிடந்தவர் எவரும் அப்படி முடிவு கட்ட மாட்டார்.

கடமை உரைக்கு வருவோம். இந்தியாவில் அதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு, ஜவஹர்லால் நேரு. 1964 மே 27 அன்று அவர் காலமானபோது அவருடைய மேசைமேல் இந்தக் கவிதையின் கடைசி நாலடி அவர் கைப்பட எழுதி வைக்கப்பட்டிருந்தது. அன்று முதல் அது ஓயாத உழைப்பின் மந்திரமாகிவிட்டது. தலைமைப் பண்பு வகுப்புகளில், காலண்டர் அட்டைகளில், ஆண்டுவிழாப் பேச்சுகளில் எல்லாம் ஓடு ஓடு என்று விரட்டுகிற பாட்டாகிவிட்டது.

நேரு எழுதி வைத்திருந்தது கடைசி மூன்றடியை மட்டுமல்ல. காட்டின் அழகைச் சொல்லும் அடியையும் சேர்த்து நாலையும் எழுதி வைத்திருந்தார். அந்த ஜனவரியில் புவனேசுவரம் காங்கிரஸ் மாநாட்டில் உடல்நலம் குன்றி விழுந்து, முழுதாக எழாத மனிதர். அவர் அந்த நாலடியில் எதைப் பார்த்தார் என்று சத்தியம் செய்து சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. வாக்கை மட்டும்தான் பார்த்தார், காட்டைப் பார்க்கவில்லை என்று சொல்கிறவர்கள் அவர் கையெழுத்தில் கால்வாசியை அடித்துவிட்டுப் படிக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. வண்டி கிளம்பியது என்று கவிதையில் எங்கேயும் இல்லை. தேடிப்பாருங்கள். போகவேண்டும் என்கிறானே தவிர, போனான் என்று சேதி இல்லை. கவிதை முடியும்போது அவன் இன்னும் காட்டோரத்தில்தான் நிற்கிறான். கவிதையின் கட்டும் இதையே செய்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் மூன்று அடி ஒரே இயைபில் ஒலிக்க, மூன்றாம் அடி மட்டும் விலகி நிற்கும். விலகிய அந்த ஒலியை அடுத்த பாட்டு எடுத்துக்கொண்டு நடக்கும். நம் அந்தாதிபோல ஒன்றின் முடிச்சு இன்னொன்றுக்குத் தொடுப்பு. கடைசிப் பாட்டில் நாலடியும் ஒரே ஒலி, எடுத்துக்கொண்டு நடக்க அடுத்த பாட்டு இல்லை. நடந்துவந்த சங்கிலி அங்கே நின்றுவிடுகிறது. பொருள் போகச் சொல்கிறது, ஓசை நிற்கச் சொல்கிறது, இரண்டும் ஒரே அடியில் நடக்கிறது. இந்தக் கவிதையின் மனநிலை அந்த இழுபறிதான். அதைப் பிரித்து ஒன்றுக்கு வெற்றி, ஒன்றுக்குத் தோல்வி என்று மதிப்பெண் போட்டால் கையில் கவிதை மிஞ்சாது.

இத்தனை தெளிவாக நிற்கிறவனை ஏன் எல்லாரும் தள்ளிவிடப் பார்க்கிறார்கள்? பின்னலாடை தைக்கிற ஊரான முதலிபாளையத்தில் உட்கார்ந்து யோசிப்பதால் எனக்கு விடை எளிதாகக் கிடைக்கிறது. இங்கே நேரத்துக்குப் பெயர் ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்து மாலை ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை என்றால் ஒன்றரை. சரக்கு லாரி ஏறவேண்டிய வாரம் என்றால் நள்ளிரவைத் தாண்டி இரண்டு. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு ஊசி நின்ற நிமிடம் காசு நின்ற நிமிடம். சிட்கோ தொழிற்பேட்டையில் ஒன்றரை ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேட்டோரம் நின்று பாருங்கள். செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ இருந்து வந்த ஒரு பெண், வேன் ஏறுமுன் வேப்பமரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நிற்கிறாள் என்று வையுங்கள். உடனே ஒரு குரல் வரும்: 'ஏனுங்க்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?' இன்னொரு குரல்: 'யாரையாச்சும் பார்த்துட்டு இருக்கீங்களா?' அதற்குள் வேன் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார். ஒன்றுமில்லை, சும்மாதான் நின்றேன் என்று அவள் சொன்னால் நம்ப ஆளில்லை.

கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் நம் இரண்டு உரைகளும் அந்த இரண்டு கேள்விகளிலிருந்து வேறுபட்டவை அல்ல. நின்றால் நோய் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேலையை மறந்த மயக்கம் இருக்கவேண்டும். கவிதையில் இந்த வேலையைக் குதிரை பார்க்கிறது. மணியைக் குலுக்கி, ஏதாவது தப்பு நடந்துவிட்டதா என்று கேட்கிறது. நம் உரையாசிரியர்கள் குதிரையின் பக்கம் நின்று கவிதைக்கு உரை எழுதிவிட்டார்கள்.

இது வகுப்பறையோடு போனால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார், வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். நின்று பார்ப்பது வீண் என்ற கொள்கை இவ்வளவு பச்சையாக அதற்கு முன் யார் வாயிலும் வந்ததில்லை. இதற்கெல்லாம் முன்பே, 2023 ஏப்ரலில், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தபின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. நிற்பது மனிதனுக்கு உரியது என்று சட்டத்துக்கே தெரிந்திருந்தது. கவிதை சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

இங்கே எழுகிற மறுப்பு ஒன்றை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. 'வண்டியும் குதிரையும் வைத்திருக்கிறவன் நிற்கலாம், தவணை கட்டுகிறவன் நிற்க முடியுமா? ஏழைப் பிள்ளைக்கு உழைப்பைத்தானே சொல்லித்தரவேண்டும்?' என்பது அது. அந்த வண்டிக்காரன் பண்ணையார் இல்லை. அவன் நிற்கிற காடு அவனுடையது இல்லை. காட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் முதல் பாட்டிலேயே இருக்கிறது. வேலை முடிந்து உலாவ வந்தவனும் இல்லை, போகவேண்டிய தூரம் பாக்கி இருக்கிறது. ஃபிராஸ்டே நியூ ஹாம்ப்ஷயரில் டெரி என்ற ஊரில் கோழியும் ஆப்பிளும் வைத்துக்கொண்டு கஷ்டஜீவனம் நடத்தியவர். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் சந்தைக்குக் கொண்டுபோன சரக்கு விலைபோகாமல், பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் திரும்பும் வழியில் வண்டி நின்றுவிட்டது, அங்கேயே அழுதேன் என்று அவர் சொன்னதாக, கேட்ட ஒருவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆக, ஓய்வு உள்ளவனின் பொழுதுபோக்கைப் பற்றிய கவிதை அன்று இது. ஓய்வே இல்லாதவன் தானாக எடுத்துக்கொண்ட சில நிமிடங்களைப் பற்றியது. அது யாருக்குப் பொருந்தவேண்டுமோ அவர்களிடம் கொண்டுபோய், 'பார்த்தாயா, அவன்கூட நிற்காமல் போய்விட்டான்' என்று சொல்வது அநியாயம்.

'எல்லாம் சரி, பனியே பார்க்காத பிள்ளைக்கு இந்த மனநிலை எப்படி வரும்? அதனால்தான் கருத்தை மட்டும் கொடுக்கிறோம்' என்பது ஆசிரியர்களின் கடைசி அரண். இதைவிடப் பலவீனமான அரண் இல்லை. ஃபிராஸ்ட் இந்தக் கவிதையைப் பனியில் எழுதவில்லை. 1922 ஜூன் மாதம், வெர்மாண்ட் மாநிலத்து ஷாஃப்ட்ஸ்பரியில், இரவு முழுக்கக் கண்விழித்து ஒரு நீண்ட கவிதையை முடித்துவிட்டு, விடிந்த பிறகு இதை எழுதினார் என்பது அவரே சொன்னது. நல்ல கோடைக் காலை. பனி அவர் கண்முன் இல்லை, ஓசையில்தான் இருந்தது. அடுத்த வருடம் வெளியான 'நியூ ஹாம்ப்ஷயர்' தொகுப்பில் இது சேர்ந்தது, 1924இல் அந்தத் தொகுப்புக்குப் புலிட்சர் பரிசு. கோடையில் குளிர்காலத்தை உண்டாக்குவது முதலிபாளையத்துக்குப் புதிதா? சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் பிளீஸ் துணியில் குல்லா வைத்த சட்டை தைக்கிற ஊர் இது. கலைமானும் பனிப்பூவும் அச்சடித்த குழந்தைச் சட்டைகளை ஓவர்லாக்கில் ஓட்டும்போது முழங்கை வரை பஞ்சுத்தூசி படிந்திருக்கும். அதைப் பனி என்று வருணித்து அழகுபடுத்த மாட்டேன், நெஞ்சுக்கு ஆகாத தூசி அது. நான் சொல்வது வேறு. பார்க்காத ஒரு பருவத்துக்காக அளவெடுத்து, நிறம் பார்த்து, கனம் பார்த்துத் தைக்கிற கைகளுக்குக் கற்பனை வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். பின்னலாடை வடிவமைப்பு சொல்லித்தரும் நிஃப்ட்-டீ கல்லூரி இதே சிட்கோவில்தான் இருக்கிறது. வராத குளிரை முன்கூட்டியே உணர்வது இங்கே ஒரு படிப்பு.

தமிழ்ப் பிள்ளைக்கு மனநிலையைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கக் கைடு தேவையும் இல்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள், உணர்வு உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்துத் தந்திருக்கிறது. காடும் மாலையும் சேர்ந்தால் முல்லை என்பது பத்தாம் வகுப்புப் பாடம். ஃபிராஸ்டின் தலைப்பிலேயே காடும் இருக்கிறது, மாலையும் இருக்கிறது. பருவம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

அகநானூற்றின் நான்காம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு. கார்காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போன தலைவன் தேரில் வந்துகொண்டிருக்கிறான். பூத்த மரக்கிளைகளில் வண்டுகள் துணையோடு இருக்கின்றன. தேர்மணி ஒலித்தால் அவை கலங்கிவிடுமே என்று மணியின் நாவைக் கட்டிவிடச் செய்து வருகிறான். அவன் இப்படிப்பட்டவன், வந்துவிடுவான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். வாக்கும் இருக்கிறது, தூரமும் இருக்கிறது, காடும் இருக்கிறது, மணியும் இருக்கிறது. இந்தப் பாட்டுக்கு வண்டு என்றால் கடமையை மறக்கச் செய்யும் மயக்கம் என்று நம் மரபில் யாரும் உரை சொன்னதில்லை. வண்டு என்றால் சாவு என்று சொன்னதும் இல்லை. வழியில் ஒரு கிளையைக் கவனித்த மனம்தான் வீட்டில் ஒருத்தி காத்திருப்பதையும் கவனிக்கும் என்பதே தோழி கொடுக்கிற உத்தரவாதம். காட்டைப் பார்ப்பதும் வாக்கைக் காப்பதும் அங்கே ஒரே குணத்தின் இரண்டு வேலைகள். ஃபிராஸ்டின் வண்டிக்காரனை இந்தத் தேருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வாக்கு நினைவுக்கு வந்ததே நின்று பார்த்ததால்தான் என்று படும். கடமைக்கும் காட்டுக்கும் போட்டி வைத்தது கவிதை இல்லை, நாம்.

இயற்கைக் காட்சிக்குள் வேறு பொருளை வைத்துச் சொல்லும் உள்ளுறை நம் மரபில்தானே இருக்கிறது, அப்படியானால் காடு எதையாவது குறிக்கத்தானே வேண்டும் என்று மடக்குவார்கள். குறிக்கட்டும். ஆனால் உள்ளுறை வந்ததும் மேலே இருக்கிற பூவும் மீனும் மறைந்துபோவதில்லை. கைடு எழுதுகிறவரின் குறியீடோ காட்டை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு சொல்லை நட்டுவிடுகிறது. கடமை, சாவு, வாழ்க்கைப் பயணம் என்று எழுதியபின் மரம் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

கேட்கிற கேள்வி மாறாமல் எழுதுகிற பதில் மாறாது. 'இக்கவிதை உணர்த்தும் நீதி யாது?' என்ற ஐந்து மதிப்பெண் கேள்வியைத் தூக்கி எறியுங்கள். அவன் நிற்பதை யார் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறான்? எந்தெந்த ஓசையைக் கேட்கிறான்? குதிரைக்கும் அவனுக்கும் எதில் கருத்து வேறுபாடு? கடைசியில் வண்டி நகர்ந்ததா? இந்த நாலையும் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நாலுக்கும் கவிதையைப் பார்த்தே பதில் எழுதிவிடும், மனப்பாடம் தேவைப்படாது. மனநிலையில் ஆரம்பித்துப் பொருளுக்கு அதுவே வந்து சேரும். அம்மா ஒன்றரை ஷிப்ட் முடித்து வருவதைத் தினம் பார்க்கிற பிள்ளை வேறு மாதிரியும் எழுதலாம்: அவன் நின்றது சரி, இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று. அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் போடும் துணிச்சல் இருக்கிறவர் மட்டும் இந்தக் கவிதையை நடத்தட்டும்.